ஓ-யூ-ஜி-எச்: இந்த நாலெழுத்தை எப்படித்தான் வாசிப்பது? விதி ஏதாவது உண்டா?

கரூர்க்காரன்:

மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முழுக்க முழுக்க ஓ-யூ-ஜி-எச் என்ற நாலெழுத்து வரும் ஆங்கிலச் சொற்கள். திங்கட்கிழமை டிக்டேஷன், அதோடு வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கவும் வேண்டுமாம். எழுதுவது ஓரளவு வந்துவிட்டது, வாய்விட்டு வாசிக்கச் சொன்னால்தான் வண்டி நின்றுவிடுகிறது.

அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முன்னால் ஒரு டீ போட்டால் டஃப். அந்த டீ-க்குப் பக்கத்தில் ஓர் எச் வைத்தால் தஃப் என்றுதானே வர வேண்டும்? தோ என்கிறார்கள். அதற்கு நடுவில் ஆர் நுழைந்தால் த்ரூ. ஆரை எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு டீ ஒட்டினால் தாட். சி போட்டால் காஃப், பி போட்டால் பவ். "ஆளுக்கொரு சட்டமாப்பா இது" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை, நான் படித்த காலத்தில் இதையெல்லாம் யாரும் சேர்த்து ஒரே தாளில் கொடுத்ததில்லை, ஒவ்வொன்றாக வந்தது, அப்படியே பழகிவிட்டது.

இன்னொரு தொல்லை: 'வாங்கினேன்' என்பதற்கான பாட், 'கொண்டுவந்தேன்' என்பதற்கான ப்ராட் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இங்கே ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வெறும்வாய்:

விதியாவது ஒன்றாவது சார். நாமெல்லாம் உருப்போட்டுத்தான் கரையேறினோம், பாப்பாவும் ஏறிவிடுவாள்.

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்ன வேடிக்கை தெரியும்தானே? ஜி-எச்-ஓ-டீ-ஐ என்று எழுதிவிட்டு அதை 'ஃபிஷ்' என்று வாசிக்கலாமாம். இனஃப் சொல்லில் ஜி-எச்-சுக்கு ஃப் ஒலி, விமென் சொல்லில் ஓ-வுக்கு இ ஒலி, நேஷன் சொல்லில் டீ-ஐ-க்கு ஷ் ஒலி. கூட்டினால் மீன். இப்படிப்பட்ட மொழியில் போய் விதி கேட்கிறீர்களே.

---

பழைய டீச்சர்:

கரூர்த் தம்பி, விதி உண்டு. உருப்போடு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அரசுப் பள்ளியில் ரொம்ப காலம் ஆங்கிலம் எடுத்தவள் நான், இந்த நாலெழுத்தை நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான்.

அந்தத் தாளில் இருக்கும் சொற்களை முதலில் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நாலெழுத்துக்குப் பின்னால் உடனே டீ வருவது ஒரு பக்கம், வராதது ஒரு பக்கம். டீ வரும் பக்கத்தில் பாதி பாரம் இறங்கிவிடும், ஏனென்றால் அங்கே உச்சரிப்பு ஒன்றுதான்: ஆட். தாட், பாட், ப்ராட், ஃபாட், சாட், நாட், ராட், வெறும் ஆட். பள்ளிப் பிள்ளைக்கு வேண்டிய சொற்களில் விலக்கு ஒன்றே ஒன்று, வறட்சிக்கான ட்ரவுட். அதைத் தனியாகச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். பின்னால் டீ ஒட்டி வந்தால் அங்கே ஃப் என்ற ஒலி வரவே வராது, இதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டால் போதும்.

இந்தப் பக்கத்தில் ஐந்து சொற்கள் வினைச்சொற்களின் இறந்தகால வடிவம். திங்க், பை, ப்ரிங், ஃபைட், சீக். உங்கள் மகள் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு விடை இதிலேயே இருக்கிறது. ப்ரிங் என்பதில் ஆர் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் ப்ராட்டிலும் ஆர். பை என்பதில் ஆர் இல்லை, பாட்டிலும் இல்லை. நிகழ்காலச் சொல்லை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் எழுதச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் தானாக நின்றுவிடும். எனக்குத் தெரிந்து ஆங்கிலத்திலேயே எம்.ஏ. முடித்தவர்கள்கூட விண்ணப்பக் கடிதத்தில் இந்த ஆரைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

டீ வராத பக்கம்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதையும் ஒலிவாரியாகக் கூட்டம் சேர்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. டஃப், ரஃப், இனஃப் ஒரு கூட்டம். காஃப், ட்ராஃப் ஒரு ஜோடி; ட்ராஃப் என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. தோ, ஆல்தோ, பிசைந்த மாவுக்கான டோ, இவை மூன்றும் ஓ ஓசையில் முடியும். கலப்பைக்கான ப்ளவ், மரக்கிளைக்கான பவ், இரண்டும் அவ். நான் வறட்சியையும் இவற்றோடு சேர்த்துவிடுவேன்: ஏர், கிளை, வறட்சி, எல்லாம் வயல்காட்டுச் சமாச்சாரம், அங்கே போனால் அவ். த்ரூ தனியாள், அதற்குச் சோடியே கிடையாது. தரோ, பரோ என்ற இரண்டும் ஈரசைச் சொற்கள், பிரிட்டிஷ்காரர்கள் கடைசியை விழுங்கி தரா, பரா என்பார்கள். அவ்வளவுதான் தம்பி.

ஷாவின் மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வேடிக்கை 1855-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இருக்கிறது. ஷா பிறந்தது 1856. எது சுவையாக இருந்தாலும் ஷா தலையில் கட்டிவிடுவது ஒரு வழக்கம். அது போகட்டும், அந்த மீன் எப்படி ஆங்கிலத்தில் நீந்தும்? சொல்லின் முதலில் வரும் ஜி-எச் ஒருநாளும் ஃப் ஆகாது, கோஸ்ட் என்ற சொல்லைப் பாருங்கள். சொல்லின் கடைசியில் நிற்கும் டீ-ஐ ஒருநாளும் ஷ் ஆகாது. எழுத்து எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் ஒலி, ஆங்கிலம் தெரிந்த எவரும் அதை ஃபிஷ் என்று வாசிக்க மாட்டார்கள்.

---

வெறும்வாய்:

டீச்சர், ட்ராஃப்பும் பண்ணைச் சமாச்சாரம்தானே? மாட்டுத் தொட்டி. அதையும் ட்ரவ் என்று வாசித்து வைத்தால்?

---

பழைய டீச்சர்:

தொட்டி கொட்டிலில் இருக்கும், வயலில் இருக்காது. வம்புக்கு நிற்காதீர்கள்.

---

சொல்தேடி:

டீச்சர் வாசிப்பதற்கு வழி சொல்லிவிட்டார். ஏன் இப்படி ஆனது என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை, எனக்குப் பிடித்த இடம் அதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த ஜி-எச் ஒரு காலத்தில் ஊமை எழுத்தாக இருக்கவில்லை, அதற்கென்று உண்மையிலேயே ஓர் ஒலி இருந்தது. அந்த ஒலி ஆங்கிலத்தை விட்டுப் போய்விட்டது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. அது எப்படிப்பட்ட ஒலி என்று தெரிய வேண்டுமானால், 'மகன்' என்று சொல்லிப் பாருங்கள், நடுவில் வரும் க 'கல்' என்பதில் வரும் க போல அடித்து வராது, தொண்டைப் பக்கம் லேசாக உரசிக்கொண்டு வரும். அந்த உரசலை இன்னும் கொஞ்சம் கரகரப்பாக, காற்றை அழுத்தி விட்டால் கிட்டத்தட்ட அதுதான். ஸ்காட்லாந்தில் ஏரியைச் சொல்லும் 'லாக்' என்ற சொல்லின் கடைசியில் இன்றும் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இந்த ஒலியை விடவே இல்லை: இரவுக்கு நாஹ்ட், மகளுக்கு டோஹ்டர். ஆங்கிலத்தின் நைட், டாட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஜி-எச் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஜெர்மனில் அந்த உரசல் இருக்கிறது. 'நினைத்தான்' என்பதற்கு ஜெர்மனில் டாஹ்டெ, இங்கே தாட். 'கொண்டுவந்தான்' என்பதற்கு ப்ராஹ்டெ, இங்கே ப்ராட். அண்ணன் தம்பிச் சொற்கள்.

பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலியை வெறும் எச் போட்டு எழுதினார்கள். 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் வந்தார்கள், காலப்போக்கில் எச் இருந்த இடத்தில் ஜி-எச் எழுதும் வழக்கம் நிலைத்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது. சரியாக அதே நூற்றாண்டுகளில்தான் இந்த ஒலி மக்கள் வாயிலிருந்து கழன்றுகொண்டிருந்தது, உயிரொலிகளும் கூடவே இடம் மாறிக்கொண்டிருந்தன. எழுத்து பழைய பேச்சுக்கு, வாய் புதிய பேச்சுக்கு.

கழன்றதும் ஒரே மாதிரி கழன்றிருந்தால் பாப்பாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சில வட்டாரங்களில் அது சுவடில்லாமல் மறைந்தது, சில வட்டாரங்களில் உதட்டுக்கு நகர்ந்து ஃப் ஆனது. ஒரே சொல்லுக்கே இரண்டும் நடந்தது. 'போதும்' என்பதற்கு இனஃப் என்பதோடு இனவ் என்ற வடிவமும் பழைய நூல்களில் கிடைக்கும். மாவுக்கான டோ இருக்கிறதே, அதை வட இங்கிலாந்தில் டஃப் என்றார்கள், பிளம் டஃப் என்ற வேகவைத்த இனிப்புப் பண்டத்தில் அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சொல்லுக்கு ஓர் ஊர் வழக்கு, அந்தச் சொல்லுக்கு இன்னோர் ஊர் வழக்கு என்று பொதுமொழியில் கலந்துகட்டி நிலைத்துவிட்டது.

இன்னும் இரண்டு வேடிக்கை சொல்லிவிட்டுப் போகிறேன். த்ரூ, தரோ இரண்டும் பிறப்பில் ஒரே சொல். ஊடே கடந்து போவது த்ரூ, ஒன்று விடாமல் முழுவதும் ஊடுருவிச் செய்வது தரோ. தெருக்களில் 'நோ தரோஃபேர்' என்று பலகை வைத்திருப்பார்கள், அந்தப் பக்கம் வெளியேற வழியில்லை என்று பொருள், அங்கே தரோ என்பது பழைய த்ரூவேதான். அப்புறம் விக்கலுக்கான ஹிக்கப். பழைய புத்தகங்களில் அதன் கடைசியில் இந்த நாலெழுத்து இருக்கும். விக்கலும் இருமல் வகை என்று நினைத்து யாரோ காஃப் சொல்லின் வாலைப் பிடுங்கி இதில் ஒட்டிவிட்டார்கள். அந்தக் காலத்திலும் வாயில் ஹிக்கப்தான். உங்கள் தாளில் அது இருந்தால் கடைசியில் யூ-பி போட்டு எழுதலாம், அதுதான் இயல்பான வடிவம்.

---

ஸ்காபரோவாசி:

எல்லாருக்கும் வணக்கம். இந்த நாலெழுத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் அண்ணா, எங்கட ஊர்ப் பெயரின் கடைசி அதுதானே. ரொறொன்ரோவில் தமிழாக்கள் நிறைஞ்ச இடம். ஊருக்கு வந்த புதிதில் அப்பா 'ஸ்கார்பரோக்' என்று கடைசியில் ஒரு க் போட்டு வாசிப்பார், பஸ் ட்ரைவருக்கு விளங்காது. இப்ப சொல்தேடி எழுதினதைப் பார்த்தால் அப்பாதான் பழைய முறைப்படி சரியாகச் சொல்லியிருக்கிறார் போல.

1793-இல் இங்கே துணைநிலை ஆளுநராக இருந்த சிம்கோவின் மனைவி எலிசபெத், ஏரிக்கரை மலைச்சரிவைப் பார்த்து இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் உள்ள ஸ்காபரோ மாதிரி இருக்கு என்று வைத்த பெயர் இது. இங்கிலாந்திலிருந்து வந்த ஆக்கள் கதைக்கும்போது கடைசி 'ரோ' வராது, 'ஸ்காப்ரா' என்று சுருக்கிவிடுவினம். நாங்கள் பரோ. அதனால் பிள்ளைக்கு இரண்டும் சரி என்று சொல்லுங்கள்.

லண்டனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனபோது இன்னும் குழப்பம். லண்டனுக்கு மேற்கே ஓர் ஊர், எஸ்-எல் முன்னால் போட்டு இந்த நாலெழுத்து, பெயர் ஸ்லவ். அதே எழுத்தை அப்படியே எழுதி ஸ்லஃப் என்று வாசித்தால் பாம்பு சட்டையுரிக்கிறது என்று அர்த்தம். லெஸ்டர்ஷயரில் ஓர் ஊர்ப் பெயரில் இந்த நாலெழுத்து இரண்டு தரம் வரும், முதலாவது ஃப், இரண்டாவது ரா: லஃப்பரா. வட அயர்லாந்தில் பெரிய ஏரி ஒன்று, இரண்டு சொல்லிலும் ஜி-எச் உண்டு, 'லாக் நே' என்கிறார்கள், முதல் சொல்லில் அந்தக் கரகர ஒலி கேட்கும், இரண்டாவதில் எழுத்து இருக்கு, ஒலி இல்லை.

---

வெறும்வாய்:

இவ்வளவு படித்த பிறகும் சொல்கிறேன், நம் தமிழே தேவலை. எழுதியதை அப்படியே வாசிக்கலாம்.

---

சொல்தேடி:

அப்படியே வாசிக்கிறோமா என்ன? 'கல்', 'மகன்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க. உங்கள் வாயில் மூன்று ஒலி. தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், பாப்பா கேட்ட கேள்வியையே அவர் உங்களிடம் கேட்பார். நமக்கு அது உறைப்பதே இல்லை.

ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. நம்முடைய க சொல்லுக்கு முதலில் வந்தால் ஓர் ஒலி, உயிருக்கு நடுவில் வந்தால் ஓர் ஒலி, ங்-குக்குப் பின்னால் வந்தால் ஓர் ஒலி என்று, தமிழ்ச் சொற்கள் வரையில், இடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வடமொழிச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் வந்து கொஞ்சம் கலைத்தன, அது வேறு. ஆங்கிலத்தின் இந்த நாலெழுத்தில் பாதிக்கு டீச்சர் சொன்ன மாதிரி இடம் உதவும், டஃப்புக்கும் டோவுக்கும் இடையில் எந்த இடமும் உதவாது, சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும்.

---

கரூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா சொன்னபடி தாளை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னேன், டீ வரும் பக்கத்தை நேற்றே மடமடவென்று வாசித்துவிட்டாள். 'வயல்காட்டுக்குப் போனால் அவ்' அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இப்போது அடுத்த பிரச்சினை. தோ, த்ரூ, தாட், தரோ நான்கும் எழுத்தில் ஒன்று போலவே இருப்பதால் வேகமாக வாசிக்கும்போது ஒன்றுக்கு ஒன்று மாறிவிடுகிறது. அப்புறம் புறவழிச்சாலையில் ஓர் உணவகத்தில் ட்ரைவ் த்ரூ என்று பலகை இருக்கிறது, அதில் டீ-எச்-ஆர்-யூ, நாலே எழுத்து. "அவங்க மட்டும் எழுதலாம், நான் எழுதினா தப்பா" என்கிறாள்.

---

பழைய டீச்சர்:

நான்கையும் தனித்தனியாக வாசிக்க வைக்காதீர்கள் தம்பி, வாக்கியத்தில் வையுங்கள். "மழை பெய்தது, ஆனாலும் போனோம்" என்பதில் தோ வரட்டும். "சுரங்கத்தின் ஊடே ரயில் போனது" என்பதில் த்ரூ. "நினைத்தேன்" என்பதில் தாட். "வீட்டை ஒரு மூலை விடாமல் பெருக்கினாள்" என்பதில் தரோ, அதோடு எல்-ஒய் சேர்த்து. நீங்கள் தமிழில் வாக்கியத்தைச் சொல்லுங்கள், எந்தச் சொல் என்று அவள் ஆங்கிலத்தில் எழுதட்டும். பொருள் முதலில் வந்தால் கண் தடுமாறாது. வாசிக்கும்போது பென்சிலால் ஆர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆரே இல்லையென்றால் தோ அல்லது தாட், டீ-எச்-சை ஒட்டியே ஆர் வந்தால் த்ரூ, ஓ தாண்டி ஆர் வந்தால் தரோ.

பலகைச் சங்கதியை சொல்தேடி எழுதட்டும், அவருக்குத்தான் கை பரபரக்கும்.

---

சொல்தேடி:

பரபரக்கத்தான் செய்கிறது. அந்த நாலெழுத்து த்ரூ அமெரிக்கச் சரக்கு. நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதியில் கலப்பைக்கான சொல்லின் வாலை வெட்டி பி-எல்-ஓ-டபிள்யூ என்று சுருக்கியிருந்தார், அது அங்கே நிலைத்துவிட்டது. த்ரூவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1906-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், 300 சொற்களைச் சுருக்கமான எழுத்துக்கூட்டலில்தான் அச்சிட வேண்டும் என்று அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார், தோ, த்ரூ, தரோ மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தச் சீர்திருத்தக் குழுவுக்குப் பணம் கொடுத்தவர் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி. பத்திரிகைகள் கிண்டலடித்துத் தீர்த்தன, நாடாளுமன்றமும் முட்டுக்கட்டை போட, அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபரே பின்வாங்கிவிட்டார். ஒரு நாட்டின் அதிபரால் முடியாததை ஹோட்டல் பலகை சாதித்துவிட்டது, ஆனால் பலகையோடு சரி.

நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைத்தான் பின்பற்றுகின்றன. தேர்வில் நாலெழுத்து த்ரூ எழுதினால் மதிப்பெண் போகும். கலப்பைக்கும் முழு வால் போட்டே எழுதட்டும்.

---

கரூர்க்காரன்:

சொல்லிவிட்டேன். "ஹோட்டல்காரங்களுக்கு யாரும் மார்க் போட மாட்டாங்களா" என்று கேட்டுவிட்டு ஏழெழுத்திலேயே எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்று அந்தத் தாளைப் புரட்டினேன், பின்பக்கத்தில் அடுத்த வாரத்துக்கு ஏ-யூ-ஜி-எச் என்று தலைப்பு போட்டிருக்கிறது.

---

பழைய டீச்சர்:

அதற்கும் அதே வழிதான், டீ வருவது ஒரு பக்கம். டாட்டர், டாட், காட், நாட்டி எல்லாம் ஆட். சிரிப்புக்கான லாஃப் டீ இல்லாத பக்கம் போகும், ஆனால் லாஃப்டர் என்ற சொல்லில் டீ இருந்தும் ஃப் வரும், காற்று உள்ளே வீசுவதற்கான ட்ராஃப்ட்டும் அப்படித்தான். இந்த இரண்டையும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.